இரவல் கொடுக்காத பேனா

ரைட்டர் ஐயா குடையை இரவல் கொடுப்பார். சைக்கிளைக் கொடுப்பார். மழைநாளில் யாராவது நனைந்துகொண்டு வந்தால் தோள்துண்டைக்கூட எடுத்து நீட்டுவார். பேனாவை மட்டும் கொடுக்க மாட்டார். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறவர்களுக்கென்று மேசை ஓரத்தில் வேறொரு பேனா கிடக்கும். கிளிப் போய், மூடி வெடித்து, நூல் சுற்றிய பேனா. "அது ஊருக்கு, இது எனக்கு" என்பார்.

1968ல், 18 வயதில், கும்பகோணத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்த் திண்ணையில் அவரிடம் பத்திர நகல் எழுதச் சேர்ந்தேன். ஒருநாள் அவர் காபி குடிக்கப் போன நேரம் பார்த்து அந்தக் கறுப்புப் பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். திரும்பி வந்தவர் பேனாவைக் கையில் எடுத்ததுமே, "யாருடா தொட்டது?" என்றார். நிப்பு கோள் சொல்லிவிட்டது என்று வெலவெலத்துப் போனேன். மூடியை அவர் வைத்ததைவிட அரைச்சுற்று கூடுதலாக முறுக்கி வைத்திருந்தேன், அதுதான் காட்டிக்கொடுத்தது என்று புரிவதற்குப் பத்து வருஷம் ஆயிற்று.

நிப்பு ஒரு கைக்குப் பழகிவிடும், இன்னொரு கை பட்டால் கெட்டுவிடும் என்பது அந்தக் காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார் முதல் வக்கீல் குமாஸ்தா வரை எல்லாரும் நம்பியது. எனக்கும் அதில் சந்தேகம் கிடையாது. பழைய பேனாக்களை வாங்க ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

வாங்குவது என்றால் பெரிய விலைக்கு அல்ல. ஒரு பேனாவுக்கு 300 ரூபாய்க்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை அதில் பத்தில் ஒரு பங்குக்கே கிடைத்தவை. மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய பேப்பர் கடை உண்டு. அக்ரகாரத்திலும் செட்டித்தெருவிலும் வீடுகளை விற்றுவிட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள், அப்பாவின் மேசை டிராயரை அப்படியே சாக்கில் கவிழ்த்து அங்கே கொண்டுவந்து போடுவார்கள். பஞ்சாங்கம், தபால் கவர், மூக்குக்கண்ணாடிக் கூடு, பேனா. கடைக்காரருக்குப் பேனா என்பது பிளாஸ்டிக் ரகம், கிலோ கணக்கு. நான் போய் நிற்பது தெரிந்தபின் தனி டப்பாவில் எடுத்து வைக்கத் தொடங்கினார். விலையும் கொஞ்சம் ஏறிவிட்டது. கடைசியாக வாங்கியது 14 பேனா, எல்லாம் சேர்த்து 350 ரூபாய்.

டப்பாவைக் கையில் வாங்கியதும் நான் முதலில் செய்வது முகர்ந்து பார்ப்பது. பேனாவின் உடம்பைக் கட்டைவிரலால் பத்துப் பதினைந்து தடவை வேகமாகத் தேய்த்துச் சூடாக்கி மூக்கருகே கொண்டுபோனால் அது என்ன சாதி என்று சொல்லிவிடும். கந்தக வாடை வந்தால் எபனைட். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்ட். ஒன்றுமே வரவில்லையென்றால் சாதாரண பிளாஸ்டிக். இதில் மாயம் ஏதும் இல்லை. ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கினால் எபனைட். அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் 1851ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். டயர் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த சார்லஸின் தம்பி. செல்லுலாய்டில் நிஜமாகவே கற்பூரம் இருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைக் கலந்துதான் அதைச் செய்தார்கள். 70 வருஷத்துக்கு முந்தைய பச்சை நிறப் பேனா ஒன்றைத் தேய்த்து என் மனைவியிடம் நீட்டினேன். "பூஜையறை வாசனை" என்றாள். அது நன்றாகத் தீப்பற்றும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மைப்பேனாவுக்கு முன்னால் இங்கே இருந்தது கட்டைப்பேனா. மரக்கட்டையின் முனையில் இரும்பு நிப்பைச் செருகி, மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதுவது. 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கு வேண்டிய நிப்புகளில் பெரும்பகுதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில்தான் செய்யப்பட்டது. என் தாத்தா கிராமக் கணக்குப்பிள்ளை. அவர் எழுதியது பர்மிங்ஹாம் நிப்பால், தொட்டுக்கொண்டது பாட்டி காய்ச்சிய மை. கடுக்காயைத் தட்டி ஊறவைத்து, காய்ச்சி வடிகட்டி, அன்னபேதி உப்பைப் போட்டால் சாறு கண்ணெதிரே கறுத்துப்போகும். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து தாளின் நாரோடு பிடித்துக்கொள்கிற மை அது. காய்ந்தபின் கழுவினாலும் போகாது. ஐரோப்பாவிலும் பல நூறு ஆண்டுகளாக இதே சங்கதிதான், கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் வரும் காய் போன்ற கழலை. கடைகளில் புட்டியில் வந்த பழைய 'புளூ பிளாக்' மைகளும் இந்த வம்சமே.

இந்த மைக்கு ஒரு கெட்ட குணம், புளிப்பு. இரும்பு நிப்பை அரித்துவிடும். தொட்டு எழுதும் நிப்பு அரித்தால் தூக்கிப்போட்டு வேறு செருகலாம், காசு பெறாத சாமான். ஆனால் மையைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு இரவும் பகலும் நனைந்தே கிடக்கிற பேனாவுக்கு இரும்பு நிப்பு ஆகாது. தங்கம்தான் அரிக்காது. தங்கமோ மிருது, தாளில் தேய்ந்துபோகும். அதனால் தங்க நிப்பின் முனையில் ஓஸ்மியம், இரிடியம் என்கிற கடினமான உலோகங்களின் துளி ஒன்றை ஒட்டினார்கள். மைப்பேனா பணக்காரர் சாமானாகப் பிறந்ததற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல, இந்தப் புளிப்புதான்.

1884ல் நியூயார்க்கில் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கிய பேனாவில் புதுமை நிப்பில் இல்லை. நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் நாக்கில் இருந்தது. அதில் மெல்லிய கீறல்கள் வழியே மை இறங்கும், இறங்குகிற அளவுக்குக் காற்று மேலே ஏறும். காற்று ஏறாவிட்டால் மை இறங்காது, அளவுக்கு மீறி ஏறினால் மை கொட்டும். பழைய பேனா கக்குவதற்கும் அடைத்துக்கொள்வதற்கும் காரணம் இன்றைக்கும் அந்தக் கீறல்தான். வாட்டர்மேன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், ஒப்பந்தத் தாளில் மை கொட்டியதால் வாடிக்கையாளரை இழந்து கோபத்தில் பேனா கண்டுபிடித்தார் என்றொரு கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். விளம்பரத்துக்குப் பிறந்த கதை என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தாள் பாழானால் என்ன ஆகும் என்று தெரிந்த பத்திர எழுத்தனாகிய எனக்கு, அந்தக் கதை பொய்யாக இருப்பதில் கொஞ்சம் வருத்தமே. பார்க்கர் கதை மெய். ஜார்ஜ் பார்க்கர் விஸ்கான்சினில் தந்தி வாத்தியார். மாணவர்களுக்குப் பேனா விற்றார், அவை சதா பழுதாகின, பழுது பார்த்துப் பார்த்துக் கடைசியில் 1888ல் தானே கம்பெனி தொடங்கினார். பேனா ரிப்பேர்காரர் ஒருவர் உருப்பட்ட கதை அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

இந்தியாவில் மைப்பேனா இறங்கி வந்த பாதை வேறு. சுதேசி இயக்கம் துணியை எரித்த கையோடு எழுதும் பேனாவையும் திரும்பிப் பார்த்தது. ராஜமுந்திரியில் கோசூரி வெங்கட ரத்தினம் என்ற பொற்கொல்லர் பேனா செய்தார். நகைக்காரர் என்பதால் நிப்பு அடிப்பது அவருக்குக் கைவேலை. அவர் அனுப்பிய பேனா கிடைத்ததாகவும், அதை எழுதிப் பார்த்ததாகவும், கடைத்தெருவில் காணும் அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என்றும் காந்தி 1935 ஜூலையில் வார்தாவிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பேனா காந்தி கைக்குப் போய்ச் சேர்ந்தது குமரப்பா மூலமாக. கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே.சி. குமரப்பா, 1892ல் எங்கள் தஞ்சாவூரில் பிறந்தவர். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. காந்தியின் கடிதத்துக்கு முந்தைய வருஷம், 1934ல், வங்காளத்தின் ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் சுலேகா மையைத் தொடங்கியிருந்தார்கள். பேனாவும் மையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சுதேசியாயின.

ஆனால் சுதேசிப் பேனாவைச் சாமானியன் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தது அரசியல் மட்டும் அல்ல, துருப்பிடிக்காத எஃகும்தான். 1913ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகைக் காய்ச்சிய பிறகு, அது நிப்பாக மாறிப் பரவ இருபது முப்பது வருஷம் ஆயிற்று. பிறகு தங்கம் தேவைப்படவில்லை. எபனைட் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துக் கடைந்து, மரை வெட்டி, எஃகு நிப்பைச் செருகினால் பேனா. ஒரு கடைசல் பட்டறை, இரண்டு ஆள், போதும். பெயர் பொறிக்காத கறுப்புப் பேனாக்கள் ஊருக்கு ஊர் முளைத்தது அப்படித்தான். ரைட்டர் ஐயாவின் பேனாவும் அவற்றில் ஒன்று. திருவள்ளூரில் 1970களில் தொடங்கிய ரங்கா பேனாக்கள் இன்றும் எபனைட்டைக் கையால் கடைந்துதான் வருகின்றன. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

இந்தப் பேனாக்களில் பம்ப் கிடையாது, பை கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையை உடம்புக்குள்ளேயே ஊற்ற வேண்டியதுதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த முறையை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். ஷேஃபர் 1908லேயே, உடம்பில் ஒரு நெம்புகோல் வைத்து உள்ளே இருக்கும் ரப்பர் பையை அமுக்கி மை இழுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நம் ஊர் மட்டும் ஏன் ஃபில்லரை விடவில்லை என்று பட்டணத்துக்காரர்கள் கேலியாகக் கேட்பார்கள். நம் வெயிலில் ரப்பர் பை சீக்கிரம் இளகிப் பிசுபிசுக்கும், மாற்றுவதற்குப் பை கிடைக்காது. ஊற்றுகிற பேனாவில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? தவிர ஒரு தடவை ஊற்றினால் மூன்று நாள் பத்திரம் எழுதலாம். குறை ஒன்று உண்டு. மை கால்வாசிக்குக் குறைந்ததும் உள்ளே காற்று அதிகமாகும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும். ஒரு சொட்டு 'பொத்'தென்று முத்திரைத்தாளில் விழும். எபனைட் சூட்டை லேசில் கடத்தாது, அதனால் இதில் அந்த ஆபத்து குறைவு என்பார்கள். ஐயா மை பாதியானதுமே நிரப்பிக்கொள்வார். மரையில் துளி வாசலைன் தடவுவார். சொட்டு விழுந்தால் சாக்கட்டித் துண்டை மெல்ல உருட்டி உறிஞ்சுவார். பத்திரக் கடைசியில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று எழுதுவதற்கு அவர் பட்ட பாடு அவ்வளவு.

புளூ பிளாக் தவிர வேறு மையை அவர் தொட்டதில்லை. காரணத்தை 1977 மழையில் பார்த்தேன். ஒரு வீட்டில் கூரை ஒழுகி, இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, மூன்று தலைமுறைப் பத்திரங்கள் நனைந்துவிட்டன. பிரித்து வெயிலில் போட்டோம். ஐயா எழுதியதும் அவருக்கு முந்தைய ஆள் எழுதியதும் அப்படியே இருந்தன. இடையில் யாரோ ராயல் புளூவில் எழுதிய பாகப்பிரிவினை, வெளிறிய நீலத் தாளாகியிருந்தது. நான்கு எல்லை சொல்லும் சக்குபந்தியில் வடக்கு மட்டும் தெரிந்தது.

பேனாவுக்குக் கஷ்டம் வந்தால் ரிப்பேர் செய்யும் பாயிடம் போவோம். லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில் ஒரு முக்காலி, ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நிப்பு, நாக்கு, கிளிப், மூடி, எல்லாம் தனித்தனி மாத்திரை டப்பாக்களில். கழற்றிப்போட்ட பேனாக்களின் உறுப்பு தானம் என்று இப்போது தோன்றுகிறது. கழுத்தை ஒரு துண்டு சைக்கிள் டியூபால் பற்றித் திருகுவார். பிளேடைப் பிளந்து அதன் மெல்லிய பாதியை நிப்பின் கீறலில் இழுத்துக் காய்ந்த மையை எடுப்பார். நிப்பின் இரண்டு கால்களும் சமமாக நிற்கிறதா என்று லென்ஸில் பார்த்து நகத்தால் ஒரு அழுத்து அழுத்துவார். கடைசியில் நுண்ணிய உப்புத்தாளில் எட்டு மாதிரி நாலு தடவை எழுதுவார். "கீறுது பாய்" என்று கொண்டுபோனால் எட்டணாவில் வழுக்கிக்கொண்டு வரும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு பேர் என்றால் ஒருவர் ஐயா, இன்னொருவர் பாய். எழுதக் கற்றதைவிட நிப்பைப் பார்க்கக் கற்றதுதான் பிற்காலத்தில் உதவியது.

சென்னைக்கு வழக்கு விஷயமாகப் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட் போவேன். 1900ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகத்தோடு பழைய பேனாவும் கிடைக்கும். 1985 மே மாதம் எரிந்தபோது பத்திரிகைகள் புத்தகங்களுக்காக அழுதன. அங்கே உருகிய செல்லுலாய்டை நினைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அங்கிருந்து பர்மா பஜார் நடந்துவிடும் தூரம். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்காக 1969ல் அமைந்த கடைகள். தங்க நிற மூடியோடு சீனாவின் ஹீரோ பேனாவை முதலில் அங்கேதான் பார்த்தேன். ஷாங்காயில் 1931ல் வேறு பெயரில் தொடங்கிய கம்பெனி. அமெரிக்காவில் 1941ல் பன்னிரண்டரை டாலருக்கு விற்பனைக்கு வந்த பார்க்கர் 51, நிப்பை முழுக்க முக்காடு போட்டு மூடியிருக்கும்; ஹீரோ அதன் ஏழைத் தம்பி. பின்னாளில் பள்ளிக்கூடங்களில் ஹீரோ பேனா வைத்திருந்தவனுக்கு இருந்த மரியாதை கிளாஸ் லீடருக்கு இருந்ததில்லை. நகல் என்று அதை இளப்பமாகப் பேசுகிறவர்கள் ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம். என்னிடம் இருக்கும் ஹீரோ ஒன்று, மாதக்கணக்கில் கிடந்தாலும் மூடியைத் திறந்ததும் எழுதுகிறது. முக்காட்டுக்குள் நிப்பு காய்வதில்லை.

பால்பாயிண்ட் கதை எல்லாருக்கும் தெரியும். 1945 அக்டோபரில் நியூயார்க் கடையில் ரெனால்ட்ஸ் தன் உருண்டைப் பேனாவை விற்பனைக்கு வைத்தபோது அதற்கும் விலை பன்னிரண்டரை டாலர்தான். பார்க்கர் 51 விலைக்கே ஒரு பால் பேனா! 1980களில் சென்னையிலேயே தயாரான வெள்ளை ரெனால்ட்ஸ், நீல மூடியோடு, ஒரு பஸ் டிக்கெட் காசில் தெருமுனைப் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. பாய் ஒருநாள் முக்காலியை மடக்கிவிட்டு மகனோடு திருச்சிக்குப் போய்விட்டார். 2000க்குப் பிறகு பதிவு அலுவலகங்களுக்குக் கணினி வந்து பத்திரங்கள் அச்சில் வரத் தொடங்கின. நான் அப்போது எழுதிய கடைசிப் பத்திரம் ஒரு தானசெட்டில்மெண்ட்.

வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? அப்போதுதான் வாங்கத் தொடங்கினேன். முதலில் நிறையக் கெடுத்தேன். அழுக்கு எபனைட் பேனா ஒன்றைக் கொதிநீரில் போட்டேன். கறுப்பாகப் போனது, பாசி பிடித்த பழுப்பாக வெளியே வந்தது. எபனைட்டின் மேற்பரப்பு சுடுநீருக்கும் வெயிலுக்கும் அப்படி வெளுத்துவிடும். கோடு கோடாய்ப் பச்சை மின்னிய செல்லுலாய்ட் பேனாவை மருமகளின் நகப்பூச்சு அழிப்பானால் துடைத்தேன். என் கட்டைவிரல் ரேகை அதில் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. பத்திரம் எழுதுகிறவனுக்குக் கைரேகை பதிப்பது புதிதல்ல என்று மகன் கிண்டல் செய்தான்.

இப்போது பச்சைத்தண்ணீர்தான். கழுத்தை மட்டும் ஒரு இரவு தண்ணீரில் நிறுத்திவைப்பேன். காலையில் டம்ளருக்குள் நீலப்புகை இறங்கியிருக்கும். யாரோ 40 வருஷத்துக்கு முன்னால் எழுதாமல் விட்ட வாக்கியம் கரைகிறது என்று ஒரு நினைப்பு. வாங்கும்போது பார்ப்பது மூன்றே. நிப்பின் கால்கள் இரண்டும் ஒரே நீளமா, மூடியின் வாயில் வெடிப்பு இல்லையா, மரை வழுக்கவில்லையா. நிப்பு கோணியிருந்தால் நிமிர்த்தலாம். வெடித்த மூடியை ஒன்றும் செய்ய முடியாது, நூல் சுற்றலாம்.

ஐயாவின் நம்பிக்கைக்குப் பதில் கிடைத்தது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பேனாவில். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன், "மாமா, உங்களுக்குத்தான் பழசு பிடிக்குமே" என்று அங்கே சந்தையில் சில டாலருக்கு வாங்கிய எஸ்டர்புரூக் பேனா ஒன்றைக் கொண்டுவந்தான். அதே மாநிலத்துப் பொருள். ரிச்சர்ட் எஸ்டர்புரூக் இங்கிலாந்திலிருந்து போய் 1858ல் கேம்டன் நகரில் எஃகு நிப்புத் தொழிற்சாலை தொடங்கியவர். 1930களில் அந்தக் கம்பெனி மலிவு மைப்பேனாவில் இறங்கியது. அவர்கள் செய்த தந்திரம், நிப்பும் நாக்கும் கழுத்தோடு திருகு போட்டுச் சேரும் ஒரே துண்டு. தேய்ந்தால் கடையில் வேறு வாங்கித் திருகிக்கொள்ளலாம். கணக்கெழுத ஒன்று, நகலெடுக்கக் கார்பன் தாளில் அழுத்த ஒன்று, கையெழுத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் எண். பாய் மாடிப்படிக்கு அடியில் மாத்திரை டப்பாக்களில் செய்ததை ஒரு தொழிற்சாலை அட்டவணை போட்டுச் செய்திருக்கிறது!

பேனாவுக்குள் ரப்பர் பை கண்ணாடிபோல் இறுகி நொறுங்கிக் கிடந்தது. புதுப் பையை ஒட்ட அங்கத்திய ரிப்பேர்காரர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று மருமகனைக் கேட்கச் சொன்னேன். "ஷெல்லாக்காம் மாமா" என்றான். சிரித்துவிட்டேன். தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துக் கதவுக்குப் பூசுகிற நம் அரக்கு. தெருக்கோடி ஆசாரியிடம் ஒரு மூடி அளவு வாங்கி வந்து ஒட்டினேன். பை அவன் அடுத்த தடவை வந்தபோது கொண்டுவந்தது.

அவனிடம் இரண்டு நிப்புத் துண்டுகள் இருந்தன. ஒன்றில் 2668, மற்றதில் 9668. இரண்டும் நடுத்தர முனை. வித்தியாசம், ஒன்பதில் தொடங்குவதன் முனையில் அந்தக் கடின உலோகத் துளி உண்டு. இரண்டில் தொடங்குவதில் கிடையாது, எஃகையே நுனியில் மடித்து உருட்டியிருப்பார்கள், விலை குறைவு. இரண்டையும் பாயின் லென்ஸ் போன்ற ஒன்றில் வைத்துப் பார்த்தேன். 9668 நேற்றுப் பண்ணியதுபோல் உருண்டையாக இருந்தது. 2668ன் முனை ஒருபுறமாகச் சாய்ந்து பட்டையாகத் தேய்ந்திருந்தது. எழுதினால் என் பிடியில் கீறியது. பேனாவை உள்பக்கமாகக் கொஞ்சம் உருட்டினேன், வழுக்கியது. யாரோ ஒரு அமெரிக்கர் அப்படி உருட்டிப் பிடித்துத்தான் எழுதியிருக்கிறார். கணக்கெழுதினாரோ, காதல் கடிதம் எழுதினாரோ, அவர் விரல் வைத்த கோணம் மட்டும் கும்பகோணத்துக்கு வந்துவிட்டது.

ஆக, நிப்பு கைக்குப் பழகுவது உண்மை, மலிவுப் பேனாவில். தாள் என்பது நைசான உப்புத்தாள்தானே. மெருகுக்குச் சேர்த்த களிமண் அதில் உண்டு. துளி ஒட்டாத எஃகை அது எழுதுகிறவர் பிடிக்கும் சாய்வுக்கே தேய்த்துக்கொடுக்கும். ஓஸ்மியம் துளி உள்ள தங்க நிப்பை அவ்வளவு லேசில் தேய்க்க முடியாது. பெரிய வக்கீலின் வெளிநாட்டுப் பேனாவைப் பத்துப் பேர் இரவல் வாங்கி எழுதினாலும் அதன் முனை மாறாது. எவனாவது அழுத்தி எழுதிக் கால்களை விரிக்காமல் இருந்தால் சரி. குமாஸ்தாவின் இரண்டு ரூபாய்ப் பேனாதான் அவருக்கே சொந்தமாகிவிடும். பணக்காரப் பேனாவைப் பற்றி அந்த நம்பிக்கையைச் சொன்னவர்கள் சும்மா சொன்னார்கள். திண்ணையில் சொன்ன ஐயா, தெரிந்தோ தெரியாமலோ சரியாகச் சொன்னார்.

பழைய பேனாவைச் சேகரிக்கிறவர்கள் பலர் தேய்ந்த நிப்பைப் பார்த்தால் விலையைக் குறைக்கிறார்கள், அல்லது உப்புத்தாளில் உருட்டிச் சமமாக்கிவிடுகிறார்கள். நானும் முன்பு செய்தேன். கடைசியாக வாங்கிய 14 பேனாவில் இப்போது ஐந்தை அப்படியே விட்டிருக்கிறேன். ஒன்றை இடதுகைக்காரர் வைத்திருந்திருக்கிறார், சாய்வு எதிர்ப்பக்கம். ஒன்று முனை மழுங்கிப் பட்டையாக இருக்கிறது, கோடு போடுவதற்கே வைத்திருப்பார்கள்போல. எழுதும்போது நான்தான் ஒவ்வொன்றுக்கும் கையை மாற்றிக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றாலும் ஒரு பக்கம். எழுதாமல் கிடந்தால்தான் பேனா சாகும். ஐயா கோபித்துக்கொண்டாலும் பழைய நாக்குகளில் நான் புளூ பிளாக் ஊற்றுவதில்லை. அடைத்துக்கொண்டால் எடுக்கப் பாய் இல்லை.

ஐயா 1991ல் போனார். பதின்மூன்றாம் நாள் அவர் மகன் அந்தக் கறுப்புப் பேனாவை என்னிடம் கொடுத்தார். "அப்பா உங்களுக்குன்னு சொல்லியிருந்தார் அண்ணே" என்றார். வீட்டுக்கு வந்து மை ஊற்றி நாற்காலியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே கீறியது. உருட்டிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன். வரவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

அந்த எஸ்டர்புரூக் வந்த பிறகுதான் மறுபடி எடுத்தேன். லென்ஸில் பார்த்தால் முனை எனக்குத் தெரிந்த எந்தப் பிடிக்கும் பொருந்தாத ஒரு சாய்வில் தேய்ந்திருந்தது. யோசித்தேன். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து ஒருநாளும் எழுதியதில்லை. திண்ணையில் ஒரு காலை மட்டும் மடக்கி உட்கார்ந்து, சாய்வு மேசையை மடிமேல் இழுத்துக்கொண்டு, தாளை வலதுபுறம் நன்றாகத் திருப்பிவைத்து, குனிந்து எழுதுவார். சின்ன வயதில் ஒரு கால் மடங்காமல் போனதால் அவர் உட்காரும் விதமே கொஞ்சம் கோணல். பரணில் இருந்து சாய்வு மேசையை மகனை விட்டு இறக்கச் சொன்னேன். கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தேன், இடது காலை அவர் நீட்டுவதுபோல் நீட்டினேன், தாளைத் திருப்பினேன். பேத்தி வந்து, "தாத்தா, எதுக்கு இப்படி உட்கார்ந்திருக்கே?" என்றாள்.

பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு எழுதினேன். கீறவில்லை.